பதினைந்து வயதுக் குழந்தை

மார்ச் 4, செவ்வாய்

மேசையில் மருத்துவமனை நிர்வாகியின் சுற்றறிக்கை. பன்னிரண்டு வயது முடிந்தவர்களை இனிக் குழந்தைகள் பிரிவில் பார்க்கக் கூடாதாம். பெரியவர்கள் பிரிவுக்கு அனுப்ப வேண்டுமாம். பிறந்தநாளன்று தூங்கி எழுந்ததும் பெரியவர்களாகிவிடுவார்களா என்ன? படித்தேன். கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 6, வியாழன்

கடிகாரி வந்தாள். பத்து மாதக் குழந்தையாக, தொண்டையைப் பார்க்கப்போன என் விரலைக் கடித்தவள். அன்று நான் வைத்த பெயர். மூன்று வயதில் சர்க்கரை நோய். அன்றிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி. இப்போது பதினைந்து. நேற்று பெரியவர்கள் பிரிவில் நான்கே நிமிடம் பார்த்து, மருந்தளவைக் கூட்டி அனுப்பியிருக்கிறார்கள். எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. சர்க்கரையோ எகிறிக் கிடக்கிறது.

"ஊசியெல்லாம் ஒழுங்காத்தான் போட்டுக்கறா டாக்டர்" என்றார் அம்மா.

"நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா."

முகம் சுருங்கியது. ஆனாலும் போனார்.

நான் எதுவும் கேட்கவில்லை. காத்திருந்தேன். இருபது நிமிடம்.

"ஊசி போட்டா குண்டாயிடறேன் டாக்டர். கிளாஸ்ல சிரிக்கறாங்க. பாதி நாள் போடறதே இல்ல."

போடாத ஊசிக்கு அளவைக் கூட்டி என்ன பயன்! இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் — வேண்டாம், எழுத முடியவில்லை. வார்டில் சேர்த்தேன். என் வார்டில்தான்.

மார்ச் 7, வெள்ளி

நிர்வாகி நேரில் வந்தார். "ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே டாக்டர்? மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க."

"எதுக்கு மன்னிப்பு? அவ உயிரோட இருக்கறதுக்கா?"

குரல் நடுங்கவில்லை. அது போதும்.

மார்ச் 11, செவ்வாய்

அந்த இரண்டு வரியை எழுத மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

கடிகாரி வீட்டுக்குப் போகிறாள். "என்கிட்ட ஏண்டி சொல்லல?" என்று அம்மா அழுதார். "நீ கேட்டியா?" என்றாள் இவள். பிறகு இருவரும் சேர்ந்து அழுதார்கள். அழட்டும்.

மார்ச் 20, வியாழன்

மாற்றல் உத்தரவு. ஊரின் மறுகோடியில் தடுப்பூசி நிலையம். "ரெண்டு வரிதானே, எழுதியிருக்கலாம்ல?" என்றார் கணவர்.

"நம்ம பொண்ணா இருந்தா எழுதச் சொல்வீங்களா?"

அவர் என் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க உட்கார்ந்தார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கைக்குழந்தைகள் பதினெட்டு. பதினெட்டும் வீறிட்டு ஓய்ந்த பிறகு கடிகாரி வந்தாள், இரண்டு பஸ் மாறி. ஒரு ஊசிகூட விடவில்லை. எடை நான்கு கிலோ கூடியிருந்தது. பார்த்து உதட்டைச் சுழித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெண், பள்ளிப்பையின் வாரைத் திருகிக்கொண்டு.

"இவளும் உங்ககிட்ட பேசணுமாம் டாக்டர். பதினாலு வயசு. பரவாயில்லையா?"

இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.