விட்டேன், விழுந்தேன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. பொய் எழுத இன்று கை வரவில்லை. அப்பா பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம்; ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். இதைப் படம் எடுத்துப் போனில் அனுப்புகிறேன். தபால் வந்து சேர்வதற்குள் அவர் தீப்பெட்டியைத் தேடிவிடுவார்.

அப்பா நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். பயப்படாதே, தேறிவிட்டார்.

சிகரெட்டை விடும்வரை அப்பாவோடு பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அவர் போன மாதமே விட்டுவிட்டார். கொஞ்ச நாள் நிலைக்கட்டும், அப்புறம் உன்னிடம் சொல்லலாம், அதுவரை மூச்சு விடாதே என்று எனக்குக் கட்டளை. மூச்சிரைப்புக்காரர் சொல்கிற பேச்சைப் பார்!

விட்டதும் கை நடுக்கம் வந்தது. ஊசியில் நூல் கோக்க என்னைத் தையல் கடைக்குக் கூப்பிட்டார். காலர் தையல் நண்டு நடந்த மாதிரி போனது. மிஷினை நீங்க ஓட்டுறீங்களா, அது உங்கள ஓட்டுதா என்று கிண்டல் வேறு செய்தேன். பிறகு வாந்தி, படபடப்பு. துணி வெட்டும் மேஜைமேலேயே சாய்ந்துவிட்டார்.

கல்லீரலில் நொதி என்று பாடத்தில் படித்தோமே, அதுதான் காரணமாம். சிகரெட் புகை அதை விரட்டி வேலை வாங்குமாம். மூச்சிரைப்பு மாத்திரையை அந்த நொதி வேகமாகச் சிதைத்துவிடும். அதனால்தான் அப்பாவுக்கு அளவைக் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். புகை நின்றதும், மேஸ்திரி போன பிறகு காலை நீட்டும் வேலையாள் மாதிரி நொதி அசந்துவிட்டது. அதே மாத்திரை உடம்பில் தேங்கி விஷமானது. விட்டதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே குறைச்சிருப்பேனே என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். இப்போது குறைத்துவிட்டார்.

அப்பா நம்பவில்லை. பிடிச்சவரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். விட்டேன், விழுந்தேன் என்கிறார். இன்று காலை அம்மாவே, ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாடி, மனுஷன் எழுந்து நடமாடினாப் போதும் என்றாள். நான் வாங்கி வந்தது மிட்டாய் சிகரெட். வழக்கம்போல் காதைத் திருகத் துரத்துவார் என்று கதவருகே தயாராக நின்றேன். அவர் அதை வாயில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தார்.

என் பேச்சு எடுபடாது அக்கா. புலி வருது என்று எத்தனை முறை கத்தியிருக்கிறேன்! உனக்காக விட்டவர், நீ சொன்னால்தான் கேட்பார். திட்டுவதற்காகவாவது கூப்பிடு. மணி அடித்தால் அவர்தான் முதலில் எடுக்கிறார். யார் என்று பார்த்துவிட்டு, நீ இல்லை என்றதும் போனை என்னிடம் நீட்டிவிடுகிறார்.

அங்கே உடம்பைப் பார்த்துக்கொள். நாளை அவர் கடை திறக்கப் போகிற வழியில் பாக்கெட் வாங்கும் முன் கூப்பிட்டுவிடு.

உன் பதிலுக்கு வாலைச் சுருட்டிக் காத்திருக்கும்,
வாலு