சாமான் ஏற்றாத வீடு

1998 டிசம்பர் 14
நேற்று திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். கரண்ட் வரவில்லை, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இருந்தும், மார்கழி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். முடித்தோம். முடித்துவிட்டு மாமல்லபுரத்துக்கே, அவர் வீட்டின் அந்த ஒற்றை அறைக்கே திரும்பினோம். ஜன்னலை ஒட்டிச் சிற்பப் பட்டறை. சோற்றில்கூடக் கல் தூள்.

"மார்கழில வூடு மாறக் கூடாது. ஒரு சாமான் ஏத்தக் கூடாது. தை பொறக்கட்டும்" என்றார். சரி, ஒரு மாதம்தானே.

டிசம்பர் 16
ஒரு மாதம்தானே என்று எழுதிய கையை உடைக்க வேண்டும். இன்று புதுச் சட்டம். "பால் காச்சுன வூட்ட இருட்டுல போடக் கூடாது. டெய்லி யாருனா போயி வெளக்கேத்திட்டு வரணும்." யாருனா என்றால் யார்? நான்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்திவிட்டு, செங்கல்பட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போய், திரும்ப நின்றுகொண்டே வர வேண்டும்.

கல்பாக்கத்தில் ஷிப்ட் முடிந்து பைக்கில் நீங்கள் போய் வரக் கூடாதா என்று இவரைக் கேட்டேன். "வெளக்கு பொம்பளைங்கதான் ஏத்தணும் சங்கரி, அதான் முறை." பைக் ஆம்பளைக்கு, பஸ் பொம்பளைக்கு. அதுவும் முறைதான் போலிருக்கிறது.

டிசம்பர் 19
பஸ்ஸில் செருப்பு அறுந்தது. ஒற்றைச் செருப்போடு போய் விளக்கேற்றினேன்.

டிசம்பர் 22
எதிர்வீட்டு எல்லம்மாள் இன்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். "இன்னாம்மா, இவ்ளோ பெரிய வூட்டக் கட்டிட்டு வெளக்கேத்த மட்டும் வந்துகினு போற? உள்ள பேய் எதுனா கீதா?"

சிரித்தேன். பஸ் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுகிறேன்? என் சம்பளமும் சேர்ந்துதான் அந்தச் சுவர் எழும்பியது. அந்தச் சமையலறை ஜன்னலில் மலை தெரிகிறது. அதைப் பூட்டிவிட்டு, விருந்துக்கு வந்தவள் மாதிரி தினமும் கிளம்புகிறேன்.

டிசம்பர் 27
சாப்பிடும்போது மாமியார் மெதுவாக ஆரம்பித்தார். "தையில சுவேதாவுக்கு வளைகாப்பு. அத முடிச்சுகினு போலாமே. இன்னா அவசரம் இப்ப?" சுவேதா என் நாத்தனார். வளைகாப்பு முடிந்தால் பிரசவம். அப்புறம் பிள்ளைக்குப் பேர் வைக்க வேண்டும். அப்புறம் ஆடி வந்துவிடும்! இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். தட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

இவர்கள் என்னைப் போக விடப் போவதில்லை. இப்போதுதான் புத்திக்கு உறைக்கிறது.

சாமான் ஏற்றக் கூடாது, அவ்வளவுதானே? கையில் எடுத்துப் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

டிசம்பர் 28
ஒயர் கூடையில் எண்ணெய்ப் பாட்டிலுக்குக் கீழே இரண்டு டம்ளர், ஒரு கரண்டி.

டிசம்பர் 31
குக்கர். மேலே பூச்சரத்தைப் போட்டு மூடினேன்.

1999 ஜனவரி 5
"இன்னாடி, கூட இவ்ளோ கனமா கீது?" "பூஜை சாமான் அத்தை." என் புடவைகள் பாதி போய்விட்டன. கரண்ட் வந்துவிட்டது.

ஜனவரி 11
இவருடைய சட்டைகளையும் கடத்தியாகிவிட்டது. கொடியில் காய்வதும் உடம்பில் இருப்பதும்தான் பாக்கி. ஒரு மனுஷனுக்குத் தன் சட்டை குறைவதுகூடவா தெரியாது? நல்லவேளை என்றுதான் நினைக்க வேண்டும். ஆனால் அதற்கும் கோபம்தான் வருகிறது.

ஜனவரி 14
தை பிறந்தது. பொங்கல் சாப்பிட்டுவிட்டு, "நான் எங்க வீட்டுக்குக் கிளம்பறேன் அத்தை. இனிமே அங்கதான்" என்றேன்.

"சாமானெல்லாம் இங்க கீது, அங்க எப்டி இருப்ப?" என்று அறைக்குள் போனார். கட்டில் இருந்தது, காலி அலமாரி இருந்தது. மாமியார் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, மறுபடி திறந்து பார்த்தார். வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன் — இவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? சொல்லவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

ஜனவரி 15
காலையில் பைக் சத்தம். "ஷிப்ட்டுக்குப் போட்டுக்க ஒரு சட்டை இல்ல" என்று வாசலில் நின்றார். எடுத்துக் கொடுத்தேன். பொத்தான் போட்டுக்கொண்டே, "அம்மா அழுதுகினே இருக்காங்க" என்றார்.

"நான் ஒரு மாசமா பஸ்ல அழுதேன். யாரு கேட்டீங்க?"

போய்விட்டார்.

ஜனவரி 16
வரவில்லை. வராவிட்டால் போகட்டும். இரண்டு பேருக்கு உலை வைத்துத் தொலைத்தேன்.

ஜனவரி 17
சாயங்காலம் வந்தார். பைக் டேங்க் மேல் தன் தலையணையை வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

ஒரே ஒரு தலையணை. என்னுடையதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்.