உங்கப்பா டெக் திருத்திய இலட்சணம்

கீழ்ப்பிரிவு லயம்,
பதுளை.

என் மகன் தயாபரனுக்கு அம்மா அன்போடு எழுதுவது. இங்கே நானும் தங்கச்சி விதுஷாவும் முருகன் புண்ணியத்தில் நல்ல சுகம், உங்கப்பாவுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, முகத்தில்தான் கொஞ்சம் சுகமில்லை, அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் கட்டாரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்பாய், போனை எடுத்தால் உங்கப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து எனக்கும் சேர்த்து அவரே பேசுவார், அதனால் லீவு முடிந்து அங்கே வருகிற பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறேன்.

தங்கச்சி கல்யாணம் தையில் என்று உனக்குத் தெரியும். மடுல்சீமை மாமா வராமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். உன் அக்கா கலாராணி கல்யாணத்தில் தாய்மாமனுக்குப் போட வேண்டிய மாலையை உங்கப்பா போடவில்லை என்று கோபித்துக்கொண்டு போன என் அண்ணன், பதினொரு வருஷமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. உங்கப்பாவோ, "என் கையாலதான் போட்டேன், மச்சான் பொய் சொல்றாரு" என்று லயத்தில் வீட்டுக்கு வீடு சொல்லித் திரிந்தவர். இப்போது கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டி மச்சான் வாயை அடைக்கிறேன் என்று கிளம்பினார். வீடியோ இருக்கிறது, அண்ணன் கோபித்துக்கொண்டு போன கவலையில் இந்த வீட்டில் ஒருவரும் அதைப் போட்டுப் பார்த்ததில்லை, இப்போது போட டெக் வேண்டுமே. அலுமாரிக்கு மேலே ஏழு வருஷமாகக் கிடந்த டிவிடி டெக்கை இறக்கினார், தட்டு வெளியே வரவில்லை, கத்தியால் நெம்பி டிஸ்க்கைப் போட்டால் டிஸ்க் இல்லை என்று எழுத்துக் காட்டுகிறது. நீயும் போனில் அதைத் தூக்கி எறியச் சொன்னாய்.

அதைப் பச்சைப்பிள்ளை மாதிரித் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, பதுளை டவுனில் ஸுபைரா என்கிற பிள்ளை நடத்துகிற ரிப்பேர் கடைக்குப் போனார். அவள் மூடியைக் கழற்றினால் உள்ளே பல்லி முட்டை இரண்டு. "ஐயா, லென்ஸ் செத்துப் போச்சு, பெல்ட்டும் இத்துப் போச்சு. இதத் திருத்துறது வீண்வேல. டிஸ்க்கத் தாங்க, போன்ல ஏத்தித் தாறேன்" என்று நல்ல மனசோடுதான் சொன்னாள். உங்கப்பா கேட்பாரா, பெரிய டீவியில் எல்லாரும் பார்க்கப் போட வேண்டும் என்று நின்றார். கடைசியில் அவள் மூலையில் கிடந்த வேறொரு டெக்கின் லென்ஸைக் கழற்றிப் பூட்டி, "ஒரு மாசம் ஓடினா பெரிய விஷயம்" என்று கொடுத்தாள். ஒரு மாதம் எதற்கு, ஒரு மணி நேரம் போதும் என்று இவர் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கே மாமாவுக்கு ஆள் அனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை வந்து கண்ணால் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டுப் போகட்டும் என்று.

மாமாவும் வந்தார், இரண்டு பஸ் மாறி, அத்தையையும் கூட்டிக்கொண்டு. உங்கப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு நடுக்கதிரையில் தொரை மாதிரி உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார். படம் பளிச்சென்று வந்தது, ஸுபைரா கைக்குத் தங்கக் காப்புப் போடலாம். மரியாதை செய்கிற நேரம், மாமா வேட்டியை இறுக்கி, தலைமுடியைத் தடவிவிட்டு, மாலைக்குக் கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தி நிற்கிறார். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் உள்ளே வருகிறார். உங்கப்பா தட்டில் இருந்த ஒரே மாலையை எடுத்தார், மாமாவைத் தாண்டிப் போனார், கிளாக்கர் கழுத்தில் போட்டு இடுப்பு முறிகிற மாதிரிக் கும்பிட்டார். பாவம் மாமா, அவரும் சேர்ந்து கிளாக்கரைக் கும்பிடுகிறார்.

உடனே உங்கப்பா டிஸ்க்கில் கீறல், இந்த இடம் சரியில்லை என்று ரிமோட்டைத் தேடினார். அது தங்கச்சி கையில். அவள் பின்னுக்கு ஓட்டி மூன்று தரம் போட்டாள், மூன்று தரமும் மாலை கிளாக்கர் கழுத்துக்கே போனது. மாமா டீவியைப் பார்த்தபடியே, "பதினோரு வருசமா நான் பொய்க்காரன்" என்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உங்கப்பா எழுந்து போய் அவர் கையைப் பிடித்து, "நான்தான் மச்சான் பொய்க்காரன். போட்டேன் போட்டேன்னு சொல்லிச் சொல்லி எனக்கே நெசமாயிருச்சு" என்றார். கல்யாணத்தன்றைக்கு நான் உள்ளே அக்காவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன், எதையும் காணவில்லை. ஆனாலும் கூடப்பிறந்தவரை நம்பாமல் இவர் பேச்சை நம்பி, அத்தைக்கு ஆபரேஷன் செய்தபோதுகூட எட்டிப் பார்க்காதவள் நான். அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். தைக்கு வருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மாமா தேத்தண்ணியைத் தொட்டார். உங்கப்பா இப்போது டெக்கைத் திருத்தினது தண்டம் என்கிறார். எனக்கென்றால் இந்த வீட்டில் இதுவரை திருத்தினதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

இனி உன் விஷயம். அந்தப் படத்தில் மாலைத் தட்டை ஏந்திக்கொண்டு உங்கப்பா பக்கத்தில் நிற்பது யார்? இருபத்திரண்டு வயசு, மீசை வேறு. மாலை போன பிறகு நீ மாமா முகத்தைப் பார்க்கிறாய், வெறும் தட்டைப் பார்க்கிறாய், அப்புறம் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாய். டெக்கைத் தூக்கி எறியச் சொன்னது இதற்குத்தானா? அப்பாவுக்காவது சொல்லிச் சொல்லி நிஜமாகிவிட்டது, நீ சும்மா இருந்தே பதினொரு வருஷத்தை ஓட்டிவிட்டாய். மாமாவும் அந்த இடத்தைப் பார்த்தார். அக்காவைக் கேட்டார், அவள் பிள்ளைகளைக் கேட்டார், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, நீயாக அவருக்குப் போன் எடு. ஞாபகமில்லை என்று மட்டும் சொல்லாதே. "தட்டு என் கையிலதான் மாமா இருந்துச்சு" என்று அந்த ஒன்றைச் சொல், அதற்குமேல் அவர் பேசினால் கேள், பேசாவிட்டால் போனை வைக்காமல் இரு. தைக்கு லீவு கேட்க மறந்துவிடாதே, வெயிலில் நின்று வேலை செய்தால் தண்ணீர் நிறையக் குடி. கதிரேசன் உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், கொஞ்சம் வாயும் திறக்க வைக்கட்டும்.

உன்மேல் பாசமும் அதே அளவு கோபமும் உள்ள
அம்மா,
சி. பாக்கியலெட்சுமி