மாத்திரையும் உச்சி வெயிலும்

பங்குனி, செவ்வாய்க்கிழமை.

காலையில் தோல் டாக்டரிடம் போனேன். கன்னத்து மங்கு குறையவே இல்லை, இன்னும் கறுத்திருக்கிறது என்றார். வெயிலுக்கென்று அவர் கொடுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாமல்தான் விழுங்குகிறேன். "கிரீம் போடறீங்களா?" என்று கேட்டார். மாத்திரைதான் இருக்கிறதே என்று அவர் கொடுத்த வெயில் கிரீமை நிறுத்திவிட்டேன். துணியில் சாயம் நிற்க ஒருமுறை மருந்து போட்டால் அதோடு விட்டுவிடுவோமே, அப்படி நினைத்துவிட்டேன்.

"மாத்திரை ஒரு துணைக்குத்தானுங்க. கிரீமும் போடோணும், வெயில்லயும் நிக்கக் கூடாதுங்க" என்றார்.

வெயிலில் நிற்பதுதான் என் வேலையே. சாயப்பட்டறையில் துணிக்கு ஷேடு பார்க்கிறேன், கேட்ட நிறத்தில் சாயம் ஏறியிருக்கிறதா என்று. அதற்கென்று விளக்குப் பெட்டி இருந்தும் மேனேஜருக்கு அதில் நம்பிக்கை இல்லை, வெயிலில் பார்த்தால்தான் நிறம் சரியாகத் தெரியும் என்பார். இன்றும் உச்சி வெயிலில், "ஏனுங்க செல்வி, துணிய வெளிய கொண்டுபோய்ப் பாருங்க" என்றார்.

"வெயில் துணிக்குத்தானுங்களே வேணும்? நீங்க பிடிங்க, நான் இங்கிருந்தே பாத்துச் சொல்றனுங்க."

சொல்லிவிட்டுக் கூரை நிழலை விட்டு நகரவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு வெளியே போய் நின்றார். கொஞ்ச நேரத்திலேயே, "சீக்கிரஞ் சொல்லுங்க, சுடுது" என்றார்.

நான் நிதானமாகத்தான் பார்த்தேன்.

நாளைக்கு என்ன சொல்வாரோ, வேலைக்கே... எதுவானாலும் சரி. கிரீமை டிபன் பையில் எடுத்து வைத்துவிட்டேன். நாளைக்கும் அவரே பிடிக்கட்டும்.