சத்தம் போன லேப்டாப்பும் சனிக்கிழமை வியாபாரமும்

நவம்பர் 3, திங்கள்

காலையில் கடையைத் திறந்து லேப்டாப்பைத் தட்டினால் திரையே வேறு மாதிரி இருந்தது. ஓரத்தில் கிடந்த படமெல்லாம் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆள் இல்லாத நேரம் பார்த்து அதுவே அப்டேட் ஆகியிருக்கிறது. சரி, வெள்ளை அடித்த வீடு மாதிரி இருக்கட்டும் என்று விட்டேன். பத்து மணிக்கு சென்னையில் இருக்கும் மகள் சௌமியாவை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. என் குரலும் அவளுக்குப் போகவில்லை. அப்புறம் போனில் சொன்னாள்: "யம்மா, நீ கைய கைய ஆட்டுற, ஒன்னும் கேக்கல."

மற்ற வாரமாக இருந்தால் சிரித்திருப்பேன். வருகிற சனிக்கிழமை பதினொரு மணிக்கு அல்தாஃப் பாய் இதே லேப்டாப்பில்தான் வருகிறார்.

நவம்பர் 4, செவ்வாய்

பயத்தை எழுதிவிட்டால் பாதி குறையும். எழுதுகிறேன்.

அல்தாஃப் பாய் வாணியம்பாடிக்காரர், துபாயில் முப்பது கடைக்கு லுங்கி கொடுக்கிறார். ரம்ஜான் சரக்குக்கு இந்தப் பக்கத்தில் இரண்டே பேரைக் கேட்டிருக்கிறார். ஒன்று நான். இன்னொன்று நாகேந்திரன் பாவா, என் அக்கா வீட்டுக்காரர். அவர் கடையில் ஒன்பது வருஷம் துணி மடித்துத்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். தனிக்கடை போட்ட நாளிலிருந்து பாவாவுக்கு நான் மச்சினி இல்லை, எதிர்க்கடை.

பாய் லுங்கியைக் கண்ணால் வாங்குவதில்லை. காதால் வாங்குகிறார். இரண்டு முனையைப் பிடித்து ஓங்கி உதறச் சொல்வார். நெருக்கி நெய்த துணி 'தொப்' என்று கனமாக விழும். நூலைக் குறைத்துக் கஞ்சியை ஏற்றிய துணி காகிதம் மாதிரி சடசடக்கும். கேமராவில் இரண்டும் ஒரே பளபளப்பு. சத்தத்தில் ஏமாற்ற முடியாது.

என் சரக்கு பொதட்டூர்பேட்டை துரைக்கண்ணு தறியில் நெய்தது. அதை வைத்து நான் யாரோடும் மோதுவேன். ஆனால் சத்தம் போய்ச் சேர வேண்டுமே!

போனில் செய்து பார்த்தேன். பேசினால் கேட்கிறது, உதறினால் ஒன்றும் இல்லை என்கிறாள் சௌமியா. மனுஷக் குரல் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று போனே முடிவு கட்டி வெட்டிவிடுகிறது. லேப்டாப்பில் அந்த வெட்டு வேலையை முதலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். இதை வாங்கும்போதே கடைக்கு ஒரு லுங்கி கொண்டுபோய், நாலு லேப்டாப் முன்னால் உதறிப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரன் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பான்.

நவம்பர் 5, புதன்

பிரேம்குமார் வந்தான். கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருப்பவன், எனக்கு இந்த மிஷினைத் தயார் செய்து கொடுத்ததும் அவன்தான். சத்தத்தைக் கூட்டினான், குறைத்தான், அணைத்துப் போட்டான். ஸ்பீக்கருக்கான ட்ரைவரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். ட்ரைவர் என்றால் ஸ்பீக்கரையும் மிஷினையும் பேச வைக்கிற தரகர் என்றான். எனக்கு அது உடனே புரிந்தது. பழைய தரகரைத் திரும்பக் கூப்பிடேன் என்றேன். அந்தப் பட்டன் மங்கலாக இருக்கிறது, அமுக்கினால் ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, ஃபார்மேட் அடித்துவிடலாம் என்றான்.

"அடிச்சா சத்தம் வந்துடும்னு எழுதிக் குடுக்கிறியா?"

"அப்டி எப்டிக்கா எழுதித் தர்றது..."

"அப்ப என் மிஷினை அடிக்கவும் நான் விட மாட்டேன்."

அவன் கடையில் இருந்த இன்னொரு லேப்டாப்பை விட்டுப் போனான். அதில் உதறினால் கொசு தும்மின மாதிரி கேட்கிறது என்கிறாள் சௌமியா. திருப்பி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

ஊரே பேசுகிறது. அரக்கோணம் ரோட்டில் டீக்கடை வாசலில் பாவா நின்றுகொண்டிருந்தார். நாலு பேர் காதில் விழட்டும் என்றே கேட்டார்.

"இன்னா அனுராதா, உன் கம்ப்யூட்டரு வாயடைச்சுப் போச்சாமே. நீ பேசுனதுல பயந்துகிச்சா?"

"அது பேசலன்னா இன்னா பாவா, என் துணி பேசும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்து ஊமை லேப்டாப்பைப் பார்த்தேன். என்னத்தைப் பேசும்? எதில் பேசும்?

துரைக்கண்ணு போன் செய்தார். தீபாவளிக்கு முன்னால் நின்ற ஆறு தறியும் அப்படியே நிற்கிறது. ரம்ஜான் சரக்கு உறுதி என்றால் நூல் எடுப்பார். அவரை நம்பி இன்னும் மூன்று வீடு. எனக்குக் கிடைக்காவிட்டால் பாவா சொல்கிற மட்ட நூலில், பாவா சொல்கிற கூலிக்குத்தான் நெய்ய வேண்டும். "சனிக்கெழம சாயந்தரம் சொல்றேங்க" என்றேன். "ஆங், சரிம்மா" என்றார். அவ்வளவுதான். ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் தணிகைவேல், நாள் தள்ளிக் கேளேன் என்றார். தள்ளலாம். பாய் கோபப்பட மாட்டார், மரியாதையாகச் சரி என்பார். சரி என்றுவிட்டு பாவாவிடம் முடித்துவிடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

யாரையும் எதிர்பார்க்கவில்லை, நானே உட்கார்ந்தேன். லேப்டாப்பில் சத்தத்தைச் சரிசெய்யும் தெலுங்கு வீடியோ ஒன்று. வால்யூம் நூறில் வைத்தும் ஊமைதான். கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்து அந்த வீடியோக்காரர் செய்ததையெல்லாம் செய்தேன். சத்தம் எங்கே போகிறது என்று ஒரு பட்டியல் காட்டுமாம். அவருடையதில் ஸ்பீக்கர் என்று இருக்கிறது. என்னுடையதில் ஹெட்போன் என்று மட்டும் இருக்கிறது. மைக் பட்டியலிலும் ஹெட்போன் மைக்.

இந்தக் கடையில் ஹெட்போனே கிடையாது. அப்புறம் எந்த ஹெட்போனுக்குள் போகிறது என் சத்தம்? அப்டேட்டில் குழம்பியிருக்கும் என்கிறான் பிரேம்குமார். குழப்பம் என்பது பதிலா?

நவம்பர் 7, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். நானே.

வெள்ளிக்கிழமைப் பூசை. தராசுக்குச் சந்தனம் வைத்தேன், கல்லாவுக்கு வைத்தேன், லேப்டாப்புக்கு வைக்கப் போனேன். என் விரல் பார்க்காமலேயே போய் நின்றது, பக்கவாட்டில் உள்ள அந்த வட்ட ஓட்டையின் மேல்! மூன்று வருஷமாக அங்கேதான் வைக்கிறேன். பொட்டு வைக்கத் தோதாக வட்டமாக இருக்கிறதே என்று. அது ஹெட்போன் சொருகும் ஓட்டை.

 டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாகக் காரை பூசின மாதிரி. மூன்று வருஷத்து வெள்ளிக்கிழமையும் வரிசையாக உள்ளே இருக்கிறது.

மிஷின் பொய் சொல்லவில்லை. ஓட்டைக்குள் ஏதோ இருக்கிறது, ஹெட்போன்தான் என்று நினைத்திருக்கிறது.

அணைத்துவிட்டு, பல் குத்தும் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறினேன். இரும்பு ஊசி கூடாது என்று எனக்குத் தோன்றியது, நல்லவேளை. குச்சி நுனியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். தவிட்டு நிறத்தில் தூளாக வந்தது. தணிகைவேல் பக்கத்தில் நின்று, "சாமிக்கு வச்சதெ நோண்டுறியேம்மா" என்றார். "சாமி மலைமேல கீறாரு, ஓட்டைக்குள்ள இல்ல" என்றேன். ஒரு மணி நேரம் காய விட்டேன். அந்த ஒரு மணி நேரம் நான் ஒரு வேலையும் செய்யவில்லை.

திறந்தேன். பட்டியலில் ஹெட்போன் இல்லை. ஸ்பீக்கர்.

நேற்று பாதியில் விட்ட தெலுங்கு வீடியோவைத் தட்டினேன். வால்யூம் நூறில் இருந்தது. அந்த மனுஷன் போட்ட சத்தத்தில் துண்டு வாங்க வந்த அம்மா ரெண்டு படி இறங்கிப் போய் நின்றாள். அதைவிட இனிமையான குரலை நான் இதுவரை கேட்டதில்லை.

பிரேம்குமார் ஓடி வந்து பார்த்தான். மூன்று வருஷமாக எப்படிப் பாடியது என்று கேட்டதற்கு, பழைய ட்ரைவரில் 'ஓட்டையைப் பார்க்காதே' என்று ஒரு டிக் இருந்ததாம், அவனே போட்டதாம். அப்டேட் அதை எடுத்துவிட்டது. புதுத் தரகர் வந்ததும் முதல் வேலையாக ஓட்டையைப் பார்த்திருக்கிறார். டிக் போட்டதை மறந்தவன் அவன், சந்தனம் வைத்தவள் நான். யாரும் யாரையும் திட்டவில்லை.

சந்தனத்தை மூடியின் மேல் வைத்தேன். அங்கே இடம் தாராளம்.

நவம்பர் 8, சனி

சரியாகப் பதினொன்று. அல்தாஃப் பாய் முகம் தெரிந்ததும் சலாம் சொன்னேன். குரல் தெளிவாகப் போனது, தெளிவாக வந்தது.

"கேமராவ மூடிடுங்கம்மா. மூணு துணி உதறுங்க, போதும்."

மூடினேன். ஒன்று உதறினேன். இரண்டு. மூன்று. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஐயோ மறுபடி போய்விட்டதா?

"ரெண்டாவது உங்க துணி இல்ல" என்றார்.

இல்லைதான். நேற்று சாயந்தரம் தணிகைவேலை அனுப்பிக் கடைத்தெருவில் வாங்கி வைத்தது. எந்தக் கடை என்று இங்கேகூட எழுத வேண்டியதில்லை.

"ஆமாங்க பாய். உங்க காது எப்டின்னு நானும் பாக்கணும்ல. நாளைக்கு மழையில ஊறுன பண்டலு ஒன்னு வந்து கொறைன்னு பேச்சு வந்தா, கொறை துணியிலயா மழையிலயான்னு தெரிஞ்ச ஆளோடதானே நான் வியாபாரம் பண்ணணும்?"

 பாய் சிரித்தார், ஸ்பீக்கர் அதிர அதிரச் சிரித்தார். காலை ஒன்பது மணிக்கே இதே சடசடப்பை இன்னொரு இடத்தில் கேட்டேன் என்றார். யார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

முழு ரம்ஜான் சரக்கும் எனக்கு. பாதி இல்லை. முழுசு.

நவம்பர் 9, ஞாயிறு

பதினொரு மணி வரை தூங்கினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பாவா கடைக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், டீ சொன்னேன். "அப்டேட்டுக்கு இன்னா பண்ண நீ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சுத்தம் பண்ணேன் பாவா."

வேறு ஏதோ மந்திரம் என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டினார். டீயை முழுசாகக் குடித்தார். அவர் கடையில் இருந்த ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் அவர் என் முன்னால் உட்கார்ந்து டீ குடித்தது இல்லை.

நவம்பர் 19, புதன்

முதல் பண்டல் என்றைக்கு வரும் என்று கேட்கத் துரைக்கண்ணுக்கு மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் எடுத்தார். ஆறு தறியும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் கத்துவது எனக்குக் கேட்கவில்லை, நான் கத்துவது அவருக்குக் கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.