கதவு அடுத்த பதிப்பில் வரும்

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் வீட்டில் சௌக்கியம். அந்தக் கணினி விளையாட்டுக்குள் நான் சௌக்கியமாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நீ அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். விளையாட்டிலேயே செய்தி அனுப்ப ஒரு பெட்டி இருக்கிறது, அதில் தமிழில் அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கிறது, இன்னும் சரிசெய்யவில்லையாம். அதனால் பேனாவை எடுத்தேன், அம்மா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவளுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. நான் சவரம் செய்யும்போது விட்டுப்போன இடமெல்லாம் இப்போது அவளுக்குத் தெரிகிறது, நாளுக்கு நான்கு முறை சொல்கிறாள். உனக்கு முதுகு வலி என்றும் சொன்னாள், நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டுக்கொள், வேலை எங்கேயும் ஓடிப்போகாது.

விஷயத்துக்கு வருகிறேன். நீயும் நானும் கட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டில் ஏழு வாரமாக ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நீ கோபித்துக்கொண்டு போன பிறகும் நான் வேலையை நிறுத்தவில்லை, எடுத்த வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. அறையை முடித்து வாசலுக்கு இடம் விட்டேன். அந்த விளையாட்டில் கதவு இன்னும் செய்யவில்லை, அடுத்த பதிப்பில் வரும் என்று போட்டிருக்கிறார்கள். தச்சர் கதவு நிலை கொண்டுவரத் தாமதமானால் நாங்கள் என்ன செய்வோம், வாசலில் கலவை போடாமல் கல்லைச் சும்மா அடுக்கி மூடிவைப்போம், நிலை வந்ததும் கையாலேயே எடுத்துவிடுவோம். நாற்பது வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. அதுவும் உள்ளே நின்றுகொண்டு அடுக்கினேன், ஏனென்றால் வெளியே திரியும் ஆடுகள் வந்து வந்து தலையை நீட்டின. அந்த ஊரில் சும்மா அடுக்குவது என்ற பேச்சே இல்லை, வைத்த கல் வைத்ததுதான், கலவை போட்டதுபோல் பிடித்துக்கொள்கிறது. சரி, காலையில் உடைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் புதிய பதிப்பு வந்துவிட்டது. இனிமேல் நான் வைத்த கல்லை நானே உடைக்க முடியாதாம், கூட்டாளிதான் உடைக்க வேண்டுமாம். எனக்குக் கூட்டாளி நீ ஒருத்திதான்.

என்னோடு ஓர் ஆடும் உள்ளே இருக்கிறது. அதற்கு முன்பாதி மட்டும்தான் உண்டு, பின்பாதி வரைய இன்னும் ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பசி என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், சாவு இன்னும் வைக்கவில்லை, அதனால் என் பசி பூஜ்யத்துக்குக் கீழே போய் இன்று காலை மைனஸ் நானூற்றுப் பத்தில் நிற்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு நிஜமாகவே பசிக்கிறது. உன் அம்மா தட்டைக் கொண்டுவந்து கணினி பக்கத்தில் வைத்துவிட்டு, "உள்ள இருக்கிறவருக்குப் பசிக்குதுன்னு வெளிய இருக்கிறவருக்கு ரெண்டு தடவ பரிமாறுறேன். இது எந்தக் கணக்குல சேர்த்தி?" என்கிறாள்.

நான் நியாயம் தெரியாதவன் இல்லை, நல்லதையும் சொல்கிறேன். அந்த விளையாட்டில் தூசி இல்லை, இருமல் இல்லை. கல்லெல்லாம் ஒரே அளவு, இவ்வளவு ஒழுங்கான கல்லை வேலைக்குப் போன காலம் முழுக்க நான் பார்த்ததில்லை. இங்கே ஒரு முக்காலியில் ஏறினாலே உன் அம்மா கத்துகிறாள், அங்கே மூன்று மாடிக்குச் சாரம் கட்டாமல் ஏறி நின்றேன், முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த உயரத்திலிருந்து ஏரியைப் பார்த்தபோது இதைச் செய்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான் என்று நினைத்தேன். கீழே இறங்கியதும் அந்த நினைப்புப் போய்விட்டது. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு கிடையாது, மட்டம் பார்க்க ரசமட்டம் கிடையாது. தண்ணீரைக் கொட்டினால் வழியாமல் கட்டியாக நிற்கிறது, மொட்டை மாடிக்குச் சாய்வு கொடுத்துக் கட்டியவனுக்கு இதைவிட அவமானம் உண்டா? மழை கூரைக்குள்ளேயும் பெய்கிறது, ஆனால் நனைவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அடியில் இருக்கும் சுவரை எடுத்தாலும் கூரை அந்தரத்தில் நிற்கிறது. இதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் நாளைக்கு நிஜ வீட்டில் தூணை எடுத்தால் யார் பொறுப்பு?

இதையெல்லாம் பதினான்கு பக்கத்துக்கு எழுதி, விளையாட்டைச் செய்தவர்களுக்கு அனுப்பினேன். பதில் மூன்று வரி. உங்கள் கட்டுமானத்தை நீங்களே தவறுதலாக உடைத்துவிடாமல் இருக்க இந்தப் பாதுகாப்பு, உரிமையாளருக்கான அனுமதி அடுத்த பதிப்பில் வரும், அதுவரை புதிய உலகம் ஒன்றைத் தொடங்கிக்கொள்ளலாம் என்றார்கள். கட்டிய வீட்டை விட்டுவிட்டு ஓடுவதற்கு நான் என்ன ஒப்பந்தக்காரனா? அதற்கும் எட்டுப் பக்கம் எழுதினேன். அப்போதுதான் இன்னொன்று சொன்னார்கள். பன்னிரண்டு வாரம் உள்ளே வராத கூட்டாளியின் பெயரைத் தானாக எடுத்துவிடுவார்களாம், எடுத்தால் அதே பெயரைத் திரும்பச் சேர்க்கும் வசதி இன்னும் வரவில்லையாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு உனக்குப் பன்னிரண்டு வாரம் முடிகிறது.

மாடி வீட்டு எலக்ட்ரீஷியன் இருக்கிறாரே, அவர் வந்து பார்த்துவிட்டு, "மேஸ்திரி, பாப்பா பேர எடுத்துட்டு என் பேரப் போடுங்க. ஒரே தட்டு, வெளிய வந்துடலாம்" என்றார். ஓர் உலகத்துக்கு இரண்டு பேர்தான், ஒரு பெயரை எடுத்தால்தான் இன்னொரு பெயருக்கு இடம். நான் முடியாது என்றேன். அவர் ஆயுள் முழுக்க நான் பூசிய சுவரையெல்லாம் குழாய் பதிக்கக் கொத்தி நாசம் செய்தவர், அவர் கையில் சுத்தியலைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப ஆட்டோடயே குடும்பம் நடத்துங்க" என்று போய்விட்டார். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சுத்தியல்தான் காரணமாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இனி நீ கோபித்துக்கொண்ட விஷயம். நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் உன் அறைச் சுவர் நான்கையும் பிரித்துத் திருப்பிக் கட்டினேன், உண்மைதான். கல்லுக்கு நேர் மேலே கல், இணைப்புக்கு நேர் மேலே இணைப்பு என்று ஏணி மாதிரி கட்டியிருந்தாய். மேஸ்திரி மகள் கட்டிய சுவரா இது, விழுந்துவிடும் என்றேன். "இங்க எதுவும் விழாதுப்பா. விழுந்தாலும் அது என் ரூம். சின்ன வயசுல என் அலமாரியக்கூட நீங்கதான் அடுக்குனீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். மறுநாள் என் சுவரின் அடி வரிசை முழுவதையும் உருவிப் பார்த்தேன். விழவில்லை. ஆகவே நீ சொன்னது சரியாகப் போயிற்று, ஆனால் அது விளையாட்டின் குறை, உன் சுவரின் நிறை இல்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் மாட்டிக்கொண்டிருப்பது உன் அறையில்தான். நான்கு சுவரும் நான் கட்டியதுதான், அதிலும் ஏரிப் பக்கச் சுவரைப்போல் ஒரு சுவர் அந்த விளையாட்டிலேயே கிடையாது. அதையே உடைத்துக்கொண்டு வா. உடைத்த பிறகு உன் இஷ்டப்படிக் கட்டிக்கொள், ஏணியாகக் கட்டினாலும் சரி. நான் பார்த்துக்கொண்டு நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன். வாயைத் திறந்தாலும் அங்கே குரல் கேட்கும் வசதி இன்னும் வரவில்லை, நீ பயப்பட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, பாத்திரம் கழுவச் சோம்பல்பட்டு நின்றுகொண்டே சாப்பிடாதே. எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை உனக்கு எத்தனை மணிக்கு விடிகிறதோ அப்போது வந்தால் போதும். நேரம் கேட்டு எழுத வேண்டாம், நான் உள்ளேதான் இருப்பேன், வேறெங்கே போகப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா