அக்காவின் ஏரிக்கரையும் சுரங்க றோட்டும்

என்ர ஆசை அக்காவுக்கு,

உன்ர மகள் மாலினி இப்ப கனடாவை விட்டு வந்து, உலகத்தின்ர இந்தக் கரையில, மவுண்ட் ஆல்பர்ட்டில என்னோடதான் இருக்கிறாள். ரெயினில நகரத்துக்குப் போய்ச் சட்டம் படிக்கிறாள். பூர்வகுடிகளோட அரசாங்கங்கள் செய்த ஒப்பந்தங்களைப் பற்றின படிப்பு. தமிழில கேட்டால் இங்கிலிஷிலதான் பதில் வரும். கோபம் வந்தால் மட்டும் உன்னை மாதிரியே சொண்டைக் கடிப்பாள்.

உனக்கு ஒரு செய்தி சொல்லவேணும். எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. நீ கிடக்கிற ஏரிக்கரையால சுரங்கத்துக்கு றோட்டுப் போடப்போகினம்.

கனடாவின்ர வடக்கில, கிரீ எண்ட பூர்வகுடி மக்களின்ர ஊருக்கு நீ நேர்சாகப் போனபோது கெதியில திரும்பிவிடுவாய் எண்டுதான் அம்மா நினைச்சவ. நீ அந்த ஊர்த் தோமஸ் அத்தானைக் கட்டி அங்கேயே இருந்திட்டாய். கடைசியில, எரிக்கவேண்டாம், அவரின்ர ஆக்களோட ஏரிக்கரையில வையுங்கோ எண்டு கேட்டாய். அம்மா அழுதா. பிறகு, "அவளுக்கு ஒரு இடம் பிடிச்சுப்போச்சு, விடுங்கோ" எண்டா.

அந்த நிலத்தில வேட்டையாட, மீன்பிடிக்க அந்தச் சனத்துக்கு உரிமை உண்டெண்டு அவையின்ர பூட்டன்மாரோட அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. அதால, நிலத்தில கை வைக்கமுதல் அவையிட்டக் கேக்கவேணும். நீ ஒருநாள் ஃபோனில சொன்னது ஞாபகமிருக்கோ? "எங்கட காணியை ஆமி எடுக்கேக்க ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை. இவையைக் கேக்கினம். ஆனா பதிலுக்கு நிக்கிறேல்லை."

அந்தக் கூட்டம் போன மாசம் நடந்தது. அத்தான் ஊர் மண்டபத்தில. மாலினி எங்கட குசினி மேசையில, கொம்பியூட்டருக்கு முன்னால. அங்க பின்னேரம், இங்க அடுத்தநாள் மத்தியானம். அதிகாரி ஒருத்தர் படம் போட்டுக் காட்டிக் கனநேரம் கதைச்சார். ஏரியில மீன் செத்தால் என்ன செய்வியள் எண்டு அத்தான் கேட்டதுக்கு, குறிச்சு வைக்கிறம் எண்டார். கல்லறைகளைப் பற்றிக் கேட்டதுக்கு, தேவைப்பட்டால் மரியாதையோட வேற இடத்துக்கு மாத்தித் தருவினமாம்.

மாலினி மைக்கைத் திறந்தாள். இங்கிலிஷில கதைச்சவள், ஒரு சொல்லை மட்டும் தமிழில சொன்னாள்.

"என்ர அம்மா ஏற்கெனவே ஒருக்கா இடம்பெயர்ந்தவ. இன்னொருக்கா மாட்டா."

இடம்பெயர்ந்தவ எண்டால் என்னவெண்டு அதிகாரி கேட்டார். அவள் அழுதிட்டாள். மண்டபத்திலயிருந்து அத்தான்தான் கதைச்சார். அந்தச் சொல்லைத் தன்ர ஊர்ச் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை எண்டார்.

அந்தச் சொல்லை அவளுக்கு எப்ப சொல்லிக் குடுத்தனி, அக்கா? அந்த நாட்களைப் பற்றி நீ என்னோடகூடக் கதைச்சதில்லையே.

நேற்று முடிவு வந்தது. மக்களோட கலந்தாலோசிச்சாச்சாம், றோட்டுக்கு அனுமதியாம். மாலினிக்குப் போட்டுக் குடுத்த சோறு அப்பிடியே கிடந்தது. ஊர் ஆக்கள் வழக்குப் போடக் கோட்டுக்குப் போகினம். வெல்லுவினமோ? அத்தானிட்டக் கேட்டன். தெரியாது, ஆனா போவம் எண்டார்.

உன்னை வைக்கேக்க எனக்குக் கனடா விசா கிடைக்கேல்லை. இப்ப கிடைச்சிட்டுது. வழக்கு நாளில உன்ர பிள்ளைக்குப் பக்கத்தில நான் இருப்பன். அது முடிய, என்ன தீர்ப்பு வந்தாலும், அவளையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு உன்னட்ட வருவன். இது சத்தியம்.

உன்ர ஒரே தங்கச்சி